செண்பகவடிவின் முற்பகல்

மழை வருஷத்துக்கு மூன்று நாளும் மந்திரி ஐந்து வருஷத்துக்கு ஒரு நாளும் வந்துபோகிற நெடுங்கரடு என்ற ஊரில், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, பூவரச மரத்து நிழலும் கரண்டுக் கம்பத்து நிழலும் மூன்று கட்சிகளின் கொடிக் கம்பத்து நிழல்களும் நல்ல பிள்ளைகளாகக் கிழக்கே நீண்டு கிடந்த நேரத்தில், அரசு அலுவலகத்துப் பதிவறை எழுத்தர் செண்பகவடிவின் நிழல் மட்டும் சூரியனைப் பார்த்து, மேற்குப் பக்கமாக விழுந்து, அவளுக்கு முன்னால் நடந்து போனது. அது எந்தத் துறை அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், சொல்லாவிட்டால் எல்லாத் துறைக்காரர்களும் தங்கள் அலுவலகம்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், அதுவே நல்லது.

முதலில் பார்த்தது டீக்கடைச் சப்பாணிமுத்து. சேலைத் தலைப்பு தரையில் இழுபடுகிறது என்று சொல்கிற மாதிரி, "யக்கா, ஒங்க நெழலு மாறி விழுது" என்றான்.

செண்பகவடிவு குனிந்து பார்த்தாள். "ஆமா, ரெண்டு நாளா இப்பிடித்தான் கெடக்கு. உளுந்தவடை சூடா இருக்கா?"

இரண்டு வடை வாங்கிக்கொண்டு அவள் போனபிறகுதான் கடையில் இருந்தவர்கள் அந்த நிழலை நிதானமாகப் பார்த்தார்கள். செண்பகவடிவுக்கு அறுபது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது, தலைமுடி கொட்டிப்போய்ச் சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை. நிழலுக்கோ இடுப்பு வரைக்கும் பின்னல் தொங்கியது. முதுகு நேராக இருந்தது. கையில் ஒரு நீளமான உறை. அந்த உறையை நெடுங்கரட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவள் கதையை அவள் சொல்லாமலே எல்லோரும் நூறு தடவை சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கதை இதுதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதினேழு வருஷம் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கல்யாண வயதையும் தாண்டி, இனி வராது என்று முடிவு கட்டிய பிறகு செண்பகவடிவுக்கு வேலை உத்தரவு வந்தது. 2003ஆம் வருஷம் மார்ச் முப்பத்தொன்று, திங்கட்கிழமை, அவளும் அதே மாதிரி உத்தரவு வாங்கிய ராசையாவும் ஒரே பஸ்ஸில் வந்து, பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரே வாசலில் இறங்கினார்கள். திங்கட்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எமகண்டம். அன்றைய தலைமை எழுத்தர் சிதம்பரநாதன், நெற்றி நிறைய விபூதியோடு, பெற்ற மகளிடம் சொல்கிற மாதிரி அக்கறையாகச் சொன்னார்: "பதினேழு வருஷம் காத்திருந்த பிள்ள, இன்னும் ஒரு மணி நேரம் இருக்க மாட்டியா? எமகண்டத்துல கையெழுத்துப் போட்டா வேலை நிலைக்காதும்மா."

ராசையா கறுப்புச் சட்டைக்காரர். "எமனுக்கு எதுக்கு ஆபீஸ் நேரம்" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். செண்பகவடிவு பூவரச மரத்தடிப் படியில் உறையை மடியில் வைத்து உட்கார்ந்து, பன்னிரண்டு அடித்து, இன்னும் ஐந்து நிமிஷம் போகட்டும் என்று பொறுத்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். சிதம்பரநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பக்தியில் எவ்வளவு சுத்தமோ பதிவேட்டிலும் அவ்வளவு சுத்தம். ராசையாவின் பெயருக்கு எதிரே மு.ப. என்றும் செண்பகவடிவின் பெயருக்கு எதிரே பி.ப. என்றும் எழுதினார்.

பிற்பகலில் சேர்ந்தால் மறுநாளிலிருந்துதான் கணக்கு என்பது விதி. மறுநாள் ஏப்ரல் ஒன்று, உலகம் முழுக்க ஆளை ஏமாற்றுகிற நாள். சில மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்து, வந்த கையோடு பின்பக்கமாக நடந்து போய், அந்த ஏப்ரல் ஒன்றில் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் சேர்ந்தவர்களுக்கு ஆயுசு முழுக்கப் பென்ஷன். அந்தப் பக்கம் சேர்ந்தவர்களுக்கு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்ததைப் போகும்போது கையில் கொடுத்து ஒரு கும்பிடு. இருவருக்கும் அதே மேஜை, அதே தூசி, அதே டீ. எமகண்டத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு எமன் வரும் வரைக்கும் பென்ஷன். எமகண்டம் பார்த்துக் காத்திருந்தவளுக்கு எமன் வரும் வரைக்கும் என்ன வழி என்று எந்த ஆணையும் சொல்லவில்லை.

ராசையா இரண்டு வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் ஒவ்வொரு மாதமும் பென்ஷன் வாங்கிய அன்றைக்கு, திருட்டுக் கோழியைக் கக்கத்தில் வைத்திருப்பவர் போல ஒரு முகத்தோடு அலுவலகத்துக்கு வந்து, செண்பகவடிவின் மேஜையில் கால் கிலோ அல்வாவை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். அவளும் பேசாமல் தின்பாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் யார்மேல் என்றுதான் அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கீழத்தெருவில் இரண்டு அறையுள்ள ஒரு வாடகை வீடு, அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி, அந்தச் சாவி அவள் இடுப்பில். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் யாரும் எங்கே போனாய் என்று கேட்பதில்லை, கருவாட்டுக் குழம்பு வைக்காதே என்று சொல்வதில்லை. பென்ஷன் இல்லையென்றால் வாடகை இல்லை, வாடகை இல்லையென்றால் சாவி இல்லை. திருப்பூரில் தம்பி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டாயிற்று. மொத்தமாக வரப்போகிற தொகைக்குத் தம்பி மகன் ஒரு பனியன் மிஷின் பார்த்து வைத்துவிட்டான். தம்பி பெண்டாட்டி போன் பண்ணி, சமையல்காரியை நிறுத்திவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து செண்பகவடிவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நிழலைப் பற்றி ஊர் அலட்டிக்கொள்ளவில்லை. வெயில் காய்கிற ஊரில் நிழலை யாரும் எந்தத் திசை என்று கேட்டு வாங்குவதில்லை. பஸ் நிறுத்தத்தில் 'பயணிகள் நிழற்குடை' என்ற பலகை மட்டும்தான் மிச்சம், கூரை நாலு வருஷத்துக்கு முன்பு காற்றில் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அதனால் சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குக் கைப்பிள்ளையோடு நிற்கிறவர்கள், "வடிவக்கா, செத்த இப்பிடி வந்து நில்லுங்க" என்று கூப்பிட, அவள் போய் நிற்க, மேற்கு வெயில் அடிக்கிற பக்கமாகவே ஓர் ஆள் நீளத்துக்குக் குளிர்ச்சியான இடம் கிடைத்தது. தண்ணீர் தெளித்துப் பெருக்குகிற உதவியாளர் அந்த நிழல்மேல் மட்டும் தெளிக்காமல் சுற்றித் தெளித்தார். அரசுப் பள்ளிப் புவியியல் ஆசிரியருக்குத்தான் தொல்லை. மாலையில் நிழல் எத்திசையில் விழும் என்ற கேள்விக்கு ஆறாம் வகுப்பு மொத்தமும் 'கிழக்கு, செண்பகவடிவு அத்தை நீங்கலாக' என்று எழுதிவைத்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

ஒரே ஒரு பழக்கம்தான் எல்லோரையும் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. அந்த நிழல் அலுவலகத்துக்குள் வராது. அவள் வாசல்படி ஏறியதும் அது கழன்றுகொண்டு, பூவரச மரத்தடிப் படியில் உறையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடும். உள்ளே அவள் நாள் முழுக்க நிழலில்லாமல் வேலை பார்ப்பாள். சாயங்காலம் அவள் இறங்கினால் எழுந்து கூட வரும்.

அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்த ராசையாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "கடவுள் இல்லன்னு நாப்பது வருஷமா சொல்லுதேன், அது வேற விஷயம். இது கண்ணுக்கு முன்னால உக்காந்திருக்க சாட்சி. முற்பகல்ல வந்துட்டோம்னு உக்காந்திருக்கு" என்று, அன்றைக்கே ஒரு மனு எழுதினார். மனுதாரரின் நிழல் மேற்படி நாளில் முற்பகலிலேயே அலுவலக வாசலில் இருந்ததும், இன்னமும் இருப்பதும் கண்கூடு.

மேலிடம் முதலில் நிழலின் ஆதார் எண்ணைக் கேட்டது. அடுத்து நிழலின் மார்பளவுப் புகைப்படம் இரண்டு கேட்டது, கறுப்புத் தாளை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. மூன்றாவதாக, நிழலுக்குத் தனியாகச் சம்பளம் எதுவும் வழங்கப்படவில்லை என்று சான்று கேட்டது. நான்காவதாக, யாரும் எதிர்பார்க்காதபடி ஆணையே வந்துவிட்டது.

ஆணை வந்த அன்றைக்கு அமலோற்பவம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பார்க்க வந்தாள். கிராமச் சுகாதார செவிலியர், செண்பகவடிவுக்குப் பஸ் சிநேகிதம், 2003 ஏப்ரல் இரண்டாம் தேதி வேலையில் சேர்ந்தவள். கட்டிப்பிடித்து அழுதாள், அல்வாவில் பாதியைத் தின்றாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வடிவு, ஒண்ணு கேக்கட்டா? ஒனக்கு அரை நாளு அநியாயம். எனக்கு ஒண்ணரை நாளு. அரை நாளு அநியாயம்னா ஒண்ணரை நாளு மட்டும் எப்பிடி நியாயமாவும்?"

அமலோற்பவம் பதிலுக்காகக் கேட்கவில்லை, பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள். ஆனால் கேள்வி போகவில்லை, அது அன்று இரவு கீழத்தெரு வீட்டின் இரண்டாவது அறையில் தங்கியது.

புரட்டாசியில், செப்டம்பர் முப்பதாம் தேதி, அவளுடைய கடைசி வேலை நாள், அதுவும் ஒரு திங்கட்கிழமை. மாவட்டத் தலைநகரிலிருந்து குலசேகரன் என்ற கண்காணிப்பாளர் அந்த ஆணையின் அசல் தாளோடு வந்திறங்கினார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, வெளியூர்த் தண்ணீர் குடிக்காதவர். ஊரில் பாதி அலுவலக முற்றத்தில் கூடியிருந்தது. தம்பி மகன் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றான். ஆணை பலிக்காது என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

குலசேகரன் உரக்கப் படித்தார். "மேற்படியாரின் நிழல் இவ்வலுவலகத்தில் நேரில் தோன்றிப் பணியேற்பு ஏட்டில் கையொப்பமிடும் பட்சத்தில், அது 31.3.2003 முற்பகலில் நிகழ்ந்ததாகக் கருதப்படும். மேற்படியார் ஒப்புகைக் கையொப்பம் இடும்வரை அன்றைய முற்பகல் நடப்பில் உள்ளதாகக் கருதப்படும். இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. "வரச் சொல்லுங்க" என்றார்.

நிழல் வரவில்லை. எமகண்டம் அல்லவா, அது படியில் உட்கார்ந்தே இருந்தது. சப்பாணிமுத்து அதன் பக்கத்தில் ஒரு டீயை வைத்துப் பார்த்தான். ராசையா குனிந்து, "தாயி, உள்ள போ. எமன் இன்னைக்கு லீவு, நான் விசாரிச்சுட்டேன்" என்றார். பின்னல் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். செண்பகவடிவு இடுப்பில் கைவைத்து, "ஏட்டி, எந்திரி! ஊரே நிக்குல்லா? ஒன்னால நான் மாடிப்படிக்கிக் கீழ கெடக்கணுமா?" என்று சத்தம் போட்டாள். நிழல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. யார் யார் பேச்சையோ கேட்டவள், தன் பேச்சைத் தானே எப்போது கேட்டாள்.

அப்போது அவள் மூச்சுவாங்கப் படியிறங்கி, நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"எமனுக்குப் பயந்து நீ இங்க உக்காரல, எனக்குத் தெரியும். பதினேழு வருஷம் கழிச்சுக் கெடச்சது கைய விட்டுப் போயிருமோன்னு பயம். எனக்கும் இப்ப அதே பயந்தாண்டி. ஒன்ன ஏசுறதுக்கு எனக்கு என்ன இருக்கு? அந்தக் கெழவர் நல்லதுக்குத்தான் சொன்னாரு, நீயும் நல்லதுக்குத்தான் கேட்ட. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல." இருபத்தொரு வருஷமாக அவள் ஏசிக்கொண்டிருந்தது தன்னைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

நிழல் எழுந்தது. சேலையைத் தட்டிவிட்டது, உறையை நேராகப் பிடித்தது, வலது காலா இடது காலா என்று பார்க்காமல் படியேறி உள்ளே போனது. பணியேற்பு ஏட்டில் ஒரு கையெழுத்தின் நிழல் விழுந்து, காய்ந்து, அப்படியே நின்றது. முற்றத்தில் விசில் பறந்தது, ராசையா கறுப்புச் சட்டையின் முனையால் கண்ணைத் துடைத்தார், குட்டியானை டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் யார் தருவார்கள் என்று கேட்டான்.

கையெழுத்துப் போட்ட நிழல் திரும்பி வரவில்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்து நின்றது, பஸ்ஸில் ஏறியவள் பின்னால் ஓடிவருகிறவளுக்காகக் கம்பியைப் பிடித்து நிற்பதுபோல. முதலில், கூட்டத்தோடு நின்ற அமலோற்பவத்தின் காலடியிலிருந்து ஒரு நிழல் கழன்றது. ஒல்லியான நிழல், தோளில் தடுப்பூசிப் பை. அது படியேறியது. அடுத்து புவியியல் ஆசிரியரின் நிழல், பிறகு மின்வாரியக்காரர் ஒருவருடையது, தண்ணீர் தெளிக்கும் உதவியாளருடையது. சுற்று வட்டாரத்தில் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்ந்த ஒவ்வொருவர் நிழலும் தான் வேலையில் சேர்ந்த அன்றைய உடுப்போடு, அன்றைய உறையோடு, கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, கூரையில்லாத நிழற்குடை வரைக்கும் வரிசையாக வந்து நின்றது. நிழல்கள் அல்லவா, ஒன்றுகூடத் தள்ளுமுள்ளு செய்யவில்லை.

குலசேகரன் பதறிப்போனார். "இத முன்னுதாரணமாக் கொள்ளக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கு!" என்று வரிசையைப் பார்த்துக் கத்தினார். நிழல்களுக்கு அரசாணைத் தமிழ் புரியவில்லை. அவர் ஓடிவந்து, படியிலேயே உட்கார்ந்திருந்த செண்பகவடிவின் கையில் பேனாவைத் திணித்தார்.

"அம்மா, சீக்கிரம் ஒப்புகை போடுங்க. நீங்க போட்டாத்தான் முற்பகல் முடியும். முடிஞ்சா நான் கதவச் சாத்திருவேன். ஒங்க வேல முடிஞ்சது, பென்ஷன் ஒங்களுக்கு."

செண்பகவடிவு பேனாவைப் பிடித்தாள். இடுப்புச் சாவி கனத்தது. வாடகை, கருவாட்டுக் குழம்பு, யாரும் எங்கே போனாய் என்று கேட்காத சாயங்காலம், எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தது. அவள் அமலோற்பவத்தைப் பார்த்தாள். அமலோற்பவம் கெஞ்சவில்லை. "என்னத்தப் பாக்க? போட்டுட்டு வீட்டுக்குப் போடி, கிறுக்கி" என்றுதான் சொன்னாள், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கத்தில்தான் அவள் நிழல், தடுப்பூசிப் பையோடு, கையெழுத்துப் போடும் முறைக்காகப் படியில் நின்றது.

செண்பகவடிவு பேனாவைப் படியோரம் போட்டிருந்த மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப எமகண்டம் சார். முடியட்டும், போடுதேன்."

"எமகண்டம் பன்னெண்டுக்கு முடிஞ்சிரும்லாம்மா?"

"பன்னெண்டு எப்பிடி சார் ஆவும்? நான் கையெழுத்துப் போடுற வரைக்கும் முற்பகல் நடப்புல இருக்குன்னு ஒங்க தாள்லதான இருக்கு."

குலசேகரன் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. வெளியே வெயில் சாய்ந்து, டீக்கடையில் சாயங்கால வடை போட்டார்கள், ஆனாலும் அலுவலகத்துக்குள் விதிப்படி பதினொன்றரைதான், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் எழ முடியவில்லை. அவருக்குப் பசியும் கோபமும் சேர்ந்து வந்தது. "மேலிடத்துக்கு ஒரு போன் போட்டா ஒங்க ஆணையும் சேத்து ரத்தாகும், தெரியுமா? இந்தத் தாளு கிழிஞ்சா நீங்க திருப்பூர்தான்!"

பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் செண்பகவடிவின் கை மறுபடியும் பேனாவைத் தேடியது. ஆனாலும் அவள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "கிழிங்க சார்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

குலசேகரன் போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்காகக் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தபோது, தன் காலடியிலிருந்து யாரோ எழுந்து போவதைப் பார்த்தார். இருபத்தேழு வயதுப் பையன் ஒருவனின் நிழல். கடன் வாங்கிய பெரிய சட்டை, கக்கத்தில் சான்றிதழ்க் கோப்பு, 2006ஆம் வருஷம் வேலையில் சேரப்போன அன்று வாரிய அதே தலை. அது படியோரமாக இறங்கி, முற்றத்தைக் கடந்து, கேட்டைக் கடந்து, டீக்கடையையும் கடந்து போய், வரிசையின் கடைசியில், ஒரு துப்புரவுப் பணியாளரின் நிழலுக்குப் பின்னால், கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது.

குலசேகரன் போனை அணைத்தார். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டுத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு செண்பகவடிவின் பக்கத்தில் வந்து, இஸ்திரி கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு இங்கேருந்து சரியாத் தெரியல" என்றார். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா, எனக்கு முன்னால எத்தன பேரு நிக்காங்க?"

செண்பகவடிவு எழுந்து, வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, எண்ண ஆரம்பித்தாள்.